வீரன் 3: வன்னியில் பெயர் எழுதப்படாத வாலிபர்கள்

ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைப் பற்றிய நாடகத்தில் நான் நடித்திருக்கிறேன். பெருமைப்பட ஒன்றுமில்லை. என் பாத்திரத்தின் பெயர் ‘வீரன் 3’. வசனம் ஒன்றே ஒன்று: “ஆம், மன்னா!” அதையும் வீரன் 1, வீரன் 2, வீரன் 4 ஆகியோரோடு சேர்ந்துதான் சொல்ல வேண்டும். வாத்தியார் தன் கொப்பியில் எங்கள் நாலு பேரையும் ஒரே வரியில் எழுதி வைத்திருந்தார். மன்னனாக வந்தவன் வகுப்பிலேயே உயரமானவன், குரல் கணீரென்று இருக்கும். வெள்ளைக்காரக் கப்டனுக்கு முகம் முழுக்கப் பவுடர். காட்டிக்கொடுக்கும் காக்கை வன்னியனுக்குக்கூட இரண்டு பக்க வசனம் இருந்தது. எங்களுக்குத் தென்னம்மட்டையில் சீவிய வாள்.

வன்னியில் படித்த பலருக்கு இப்படியொரு மேடை ஞாபகம் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அவர் முல்லைத்தீவைப் பிடித்த ஓகஸ்ட் 25 வரும்போது எனக்கு அந்த மட்டை வாள்தான் நினைவுக்கு வரும்.

சரி, ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். ‘இளையோர்’, ‘போராட்டம்’ என்ற இரண்டு சொல்லையும் வன்னியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கேட்கிறவர் மனம் 2009 இல் முடிந்த காலத்துக்குத்தான் போகும். இது அதைப் பற்றிய கட்டுரை அல்ல. அதற்கு வெகுகாலம் முந்தியது பற்றியது. ஒல்லாந்தரும் அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் ஆண்டபோது இந்தக் காட்டுக்குள் இருந்த சாதாரண வாலிபர்கள் என்ன செய்தார்கள், ஏன் அவர்களை எந்தப் பட்டியலிலும் காணவில்லை என்பதுதான் கேள்வி.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், ஒட்டுசுட்டானை அடுத்திருக்கிறது கற்சிலைமடு. அங்கே ஆங்கிலேயர் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்த வாசகத்தின் பொருள் இவ்வளவுதான்: இந்தச் சுற்றுப்புறத்தில் கப்டன் வொன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்ரோபர் 1803. வென்றவர் பெயர் ஒன்று, தோற்றவர் பெயர் ஒன்று. இடம்கூடச் சரியாக இல்லை, ‘சுற்றுப்புறத்தில்’ என்று போட்டுவிட்டார்கள். அந்த விடியற்காலையில் அங்கே நின்ற மற்றவர்கள் யார்? கல்லில் இல்லை. நாடகத்தில் வீரன் 1 முதல் 4 வரை.

நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1795 இல் முல்லைத்தீவு ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தார்கள். ஆனால் அங்கே விட்டுவைத்த படை ஜூன் 24 அன்று அழிந்துபோனது. அதன் பிறகு கண்டியரசனின் ஆட்கள் தீவின் பல பக்கங்களிலும் ஆங்கிலேயக் காவலிடங்கள் மேல் பாய்ந்தார்கள். பண்டாரவன்னியன் ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவைப் பிடித்தது அந்த அலையோடு சேர்ந்துதான். அங்கிருந்த ட்ரிபேர்க் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கினார். வன்னி ஆட்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவுப் பக்கம் வரை போனார்கள். பிறகு ஆங்கிலேயர் பல திசைகளிலிருந்து படை அனுப்பினார்கள். ஒக்ரோபர் 31 விடியற்காலையில், எதிர்பாராத நேரத்தில் கற்சிலைமடு தாக்கப்பட்டது. பண்டாரவன்னியன் அன்றே இறந்தாரா, தப்பிப் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தாரா என்பது இன்னும் தீராத விவாதம். 1803 க்குப் பின்னும் அவர் தொந்தரவு கொடுத்ததாக ஆங்கிலேயப் பதிவுகளே பேசுகின்றன. ஊர்க் கதை அவரைக் கற்சிலைமடுவிலேயே சாகவைத்துவிட்டது. நாடகத்துக்கும் அதுதான் தோது.

ஓகஸ்ட் 25 முதல் ஒக்ரோபர் 31 வரை எண்ணினால் 67 நாள். ஆவணியில் தொடங்கி ஐப்பசியில் முடிகிறது. வயல் செய்கிறவர் யாரும் இதைக் கேட்டால் தலையை ஆட்டுவார். ஆவணியில் வன்னி காய்ந்து கிடக்கும். சிறுபோகம் செய்தவர்களும் அரிவி முடித்திருப்பார்கள். குளத்தில் தண்ணீர் அடியில் போய்விடும். பொடியளுக்குக் கையில் வேலை இருக்காது. வேட்டைக்குப் போவது, தேன் எடுப்பது, கோயில் திருவிழா என்று திரிகிற காலம். ஐப்பசி பிறந்து வானம் இருட்டத் தொடங்கினால் கதையே வேறு. மாரி மழையை நம்பிய கால போகத்துக்கு உழ வேண்டும், விதைக்க வேண்டும். அந்தப் பத்து இருபது நாளைத் தவறவிட்டால் அடுத்த மாசிவரை பட்டினி.

வன்னியன் என்றால் இங்கே வன்னியின் தலைவன். அவனிடம் சம்பளம் வாங்கி முகாமில் இருக்கும் பெரிய படை இருந்திருக்க வழியில்லை. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, தென்னமரவடி என்ற பற்றுகளிலிருந்து, அதாவது வன்னியின் பிரிவுகளிலிருந்து, கூப்பிட்டால் வருகிற கமக்காரரும் வேட்டைக்காரரும்தான் படை. ஐப்பசி மழை விழுந்தபோது அவர்களில் எத்தனை பேருக்கு வயல் ஞாபகம் வந்திருக்கும்! கற்சிலைமடுத் தோல்விக்கு நாடகங்கள் சொல்லும் காரணம் துரோகம். என் ஊகத்தில் மழைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் மழையை மேடையில் வில்லனாக்க முடியாது.

துரோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காக்கை வன்னியன் என்ற பெயர் யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலில், யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனைப் பறங்கியரான போர்த்துக்கேயருக்குக் காட்டிக்கொடுத்த ஊர்காவற்றுறைக்காரனுக்கு உரியது. ஏறக்குறைய இருநூறு ஆண்டு முந்திய ஆள். பிற்காலக் கதைகள் அவனை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பண்டாரவன்னியன் பக்கத்தில் நிறுத்திவிட்டன. மக்களின் ஞாபகத்துக்கு ஒரு வீரன் வேண்டும், ஓர் எதிரி வேண்டும், ஒரு துரோகி வேண்டும். துரோகி கிடைக்காவிட்டால் வேறு நூற்றாண்டிலிருந்து கடன் வாங்கும். கூட நின்றவர்களுக்கு மட்டும் ஒரு பெயரைக் கடன் வாங்கக்கூட அதற்குத் தோன்றவில்லை.

போர்க்களத்தை விட்டு விலகிப் பார்த்தால் வன்னியின் எதிர்ப்புக்கு வேறு முகம் தெரிகிறது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் கட்ட வேண்டிய திறை யானை. ஆண்டுக்கு 42 யானை என்று கணக்கு. பிடித்த யானைகளைக் காட்டுவழியே நடத்தி, கடலேரி ஆழம் குறைந்த இடத்தில் இறக்கி, குடாநாட்டுக்குள் கொண்டுபோய் வியாபாரிகளுக்கு விற்றார்கள். ஆனையிறவு என்ற பெயரே அந்த வழியின் பெயர்தான். கட்ட வேண்டியவர் வன்னியர்தான், ஆனால் யானையின் காலில் சுருக்குப் போடப் போனவர் அவர் இல்லை. யானை பிடிக்கும் பணிக்கர் வீட்டுப் பொடியள் போனார்கள். மிதிபட்டுச் செத்தால் அது கணக்கில் வராது. யானை செத்தால் வரும்.

இந்தத் திறையை வன்னியர் ஒழுங்காகக் கட்டியதே இல்லை. பனங்காமத்துக் கயிலாய வன்னியன் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போய் ஒல்லாந்தத் தளபதியிடம் முகம் காட்டாமலே காலத்தை ஓட்டினான். 1678 இல் அவன் சாகும்வரை யானை நிலுவை ஏறிக்கொண்டே போனது. இப்படி இழுத்தடிப்பது தலைவனால் மட்டும் ஆகிற காரியமல்ல. யானை கிடைக்கவில்லை, காடு வறண்டுவிட்டது, ஆட்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு ஊரே சேர்ந்து மெதுவாக நடந்தால்தான் முடியும். வாள் தூக்குவதைவிட இது பாதுகாப்பான எதிர்ப்பு. அதனாலேயே இதற்குப் பாட்டு இல்லை.

வன்னி யானைக்காரர்களில் பாட்டில் நிற்கிற பெயர் ஒன்று உண்டு: அரியாத்தை. குமுழமுனை வேலப்பணிக்கனின் மனைவி. ஆண்கள் தயங்கிய யானையைப் போய்க் கட்டிக்கொண்டு வந்தவள், பிறகு நஞ்சு வைத்த வெற்றிலையால் செத்துப்போனவள் என்று கதை. அவள் பெயரைக் காத்தது கல்வெட்டல்ல, ஒப்பாரி. சாதாரண வீட்டுப் பெண்ணொருத்தி வன்னி மண்ணில் பெயரோடு இருக்கிறாள் என்றால், அவளுக்காக ஒருவர் அழுது பாடியதுதான் காரணம். 1803 இல் கற்சிலைமடுவில் செத்த பொடியளுக்கும் வீட்டில் ஒப்பாரி வைத்திருப்பார்கள். தாய் பாடியது தாயோடு போயிருக்கும்.

வாலிபர் காங்கிரஸும் காலியாகாத தொகுதியும்

இனி நூறு வருடம் தாண்டுவோம். ஏன் தாண்டுகிறேன் என்றால், இலங்கையில் ‘இளையோரின் விடுதலைப் பங்கு’ என்று பேசும் எவரும் வந்து நிற்கும் இடம் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். அதைத் தள்ளிவைத்து இந்த விஷயத்தை எழுத முடியாது.

1924 இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் அது தொடங்கியது. முன்னுக்கு நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. கூட இருந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும். கதர் உடுத்தார்கள், தாய்மொழிக் கல்வி கேட்டார்கள், சாதி வித்தியாசத்தை எதிர்த்தார்கள். சிங்களத் தலைவர்களைக் கூப்பிட்டு மேடையேற்றினார்கள். முழு இலங்கைக்கும் பூரண சுயராச்சியம் வேண்டும் என்றார்கள். கொழும்புப் பெரியவர்கள் சீர்திருத்தம், மேலும் கொஞ்சம் சீர்திருத்தம் என்று மனு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தது இவர்களின் அழைப்பில்தான். அதே மாதம் இலங்கையின் யாப்பை மாற்றுவது பற்றி ஆராய லண்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவும் கொழும்பில் வந்து இறங்கியது.

அந்த ஆணைக்குழுவின் அறிக்கையிலிருந்து வந்த யாப்பு இரண்டு முகம் கொண்டது. ஒருபக்கம், 21 வயது நிரம்பிய ஆண் பெண் எல்லோருக்கும் வாக்கு. அதுவரை சொத்து, வருமானம், எழுத்தறிவு பார்த்துச் சிறு கூட்டத்துக்கு மட்டும் இருந்த உரிமை. மறுபக்கம், நிதி, சட்டம், வெளிவிவகாரம் எல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகள் மூவரிடம். எல்லாவற்றுக்கும் மேலே பிரித்தானிய ஆளுநரான தேசாதிபதியின் தடுப்பு அதிகாரம். வாலிபர் காங்கிரஸ் இரண்டாவது முகத்தைப் பார்த்தது. இது சுயராச்சியம் இல்லை, தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என்று 1931 ஏப்ரல் மாநாட்டில் தீர்மானித்தது. மே 4, வேட்புமனு நாள். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்ற நாலு தொகுதிக்கும் ஒரு மனுவும் வரவில்லை. நிற்க இருந்த பெரிய மனிதர்களை இருபது வயதுப் பொடியள் ஒதுங்க வைத்தார்கள். நினைத்துப் பார்த்தால் இன்றும் ஆச்சரியம்தான். லண்டனிலிருந்து சிங்கள இடதுசாரி பிலிப் குணவர்தன பாராட்டினார். தெற்கிலும் பகிஷ்கரிப்பு நடக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. நாலு கதிரையும் 1934 வரை காலியாகக் கிடந்தன.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ‘வடக்கு பகிஷ்கரித்தது’ என்று எழுதிவிடுவார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வட மாகாணத்தில் ஐந்தாவது தொகுதியும் இருந்தது: மன்னார்–முல்லைத்தீவு. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை கிடந்த தொகுதி. அது காலியாகவில்லை. அங்கிருந்து ஓர் உறுப்பினர் அரசாங்க சபைக்குப் போனார். பகிஷ்கரிப்பு ஆனையிறவைத் தாண்டவில்லை.

ஏன்?

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு சுலபமான பதில் நெடுநாளாக உண்டு: வன்னியான் பின்தங்கியவன், அவனுக்கு அரசியல் விளங்காது. இந்தப் பதிலைச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை பிடிக்க நேரமில்லை. ஆனால் வாலிபர் காங்கிரஸ் எதிலிருந்து முளைத்தது என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரித் தெரியும். அது கல்லூரிகளிலிருந்து முளைத்தது. அமெரிக்க மிஷன், மெதடிஸ்ட் மிஷன், சைவப் பள்ளிக்கூடங்கள் என்று நூறு வருடத்தில் குடாநாட்டில் போட்டிபோட்டுக் கட்டிய விடுதிகள், விவாதக் கழகங்கள், அச்சுக்கூடங்கள், வாசிகசாலைகள் எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய பிள்ளை. பத்தொன்பது வயதில் ஒருவன் மாநாட்டுக்குப் போய்த் தீர்மானம் வாசிக்க வேண்டுமென்றால், அந்த வயதுவரை அவனை யாராவது படிக்க விட்டிருக்க வேண்டும்.

வன்னியில் பத்தொன்பது வயது என்றால் காவல் கொட்டிலில் யானை விரட்டுகிற வயது. பள்ளிக்கூடங்கள் அங்கொன்று இங்கொன்று. அவற்றுக்கு வாத்தியார் வருவதே பெரும்பாடு. வன்னிக்கு மாற்றம் என்றால் தண்டனை மாற்றம் என்ற பேச்சு அரசாங்க உத்தியோகத்தில் நெடுங்காலம் இருந்தது, இன்றைக்கும் முழுதாகப் போய்விடவில்லை. வந்தவர்களும் மூன்றாம் மாதம் காய்ச்சலோடு திரும்பினார்கள்.

பகிஷ்கரிப்பில் இன்னொரு நெருடலும் உண்டு. வாலிபர் காங்கிரஸ் சம ஆசனம், சம போசனம் பக்கம் நின்றது, அதில் சந்தேகமில்லை. பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று வந்தபோது சில பள்ளிகளை எரித்த ஊர் அது. அந்த நெருப்புக்கு எதிராகப் பேசியவர்கள் இவர்கள். ஆனாலும் 21 வயது நிரம்பிய ஒடுக்கப்பட்ட சாதிப் பொடியன் ஒருவனுக்கு 1931 இல் கையில் கிடைக்க இருந்த முதல் வாக்கு, கொள்கைக்காக மூன்று வருடம் தள்ளிப்போனது. அவனைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. ஆனையிறவுக்கு இந்தப் பக்கம் அப்படி நடக்கவில்லை. வன்னியில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை, நன்றாகவே இருந்தது. இங்கே தொகுதி திறந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன். படிப்பும் ஏடும் உள்ள வாலிபர்கள் இழந்ததை எழுதிவைத்தார்கள். மற்றவர்கள் இழந்ததை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் வன்னியின் வாலிபனுக்குக் குடியேற்ற ஆட்சி என்ன உருவத்தில் தெரிந்தது? யூனியன் ஜாக் கொடியாக இல்லை. தேசாதிபதியை அவன் கண்டதே இல்லை. அவனுக்கு அது இரண்டு வடிவத்தில் வந்தது: வீதி, காடு.

1848 இல் வந்த வீதிச் சட்டம் 18 வயது முதல் 55 வயது வரை உள்ள ஒவ்வொரு ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும் என்றது. காசு கட்டினால் தப்பலாம். காசுப் புழக்கம் உள்ள இடத்தில் இது வரி. காசே காணாத காட்டு ஊரில் இது மண்வெட்டி. ராசகாரியம் என்ற பழைய கட்டாய வேலையை 1832 இல் ஒழித்துவிட்டோம் என்று பெருமை பேசிய அரசு, பதினாறு வருடத்தில் அதையே வேறு பெயரில் கொண்டுவந்தது. அந்த ஆண்டு மாத்தளை, குருநாகல் பக்கங்களில் கிளர்ச்சி வெடித்தது எல்லோருக்கும் தெரியும். நாம் இன்று பஸ்ஸில் போகிற கண்டி வீதி, வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை, இந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் வளர்ந்த வீதி.

காடு அதைவிடப் பெரிய சங்கதி. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்று வைத்துக்கொண்டது. பெருந்தோட்டக்காரருக்குக் காணி வேண்டியிருந்தது, அதற்காக மலைநாட்டை மனதில் வைத்து எழுதிய சட்டம். அடி விழுந்தது வன்னிக்கும்தான். இங்கே காடு வெட்டி, எரித்து, குரக்கனும் எள்ளும் போட்டு, இரண்டு போகம் எடுத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போவது வழக்கம். சேனை என்பது அதுதான். வயலில் மழை பொய்த்தால் சேனைதான் வயிற்றைக் காக்கும். இப்போது அதே காட்டை வெட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் உத்தரவு எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் குற்றம். பாலை மரம், முதிரை மரம் தறித்தால் வழக்கு. தகப்பன் கமக்காரன், அதே வேலையைச் செய்த மகன் களவாளி. ஊர் இதை எப்படி எதிர்த்தது? உள்காட்டில் வெட்டியது. அரசாங்கத்தின் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வரும்போது யார் வெட்டியதென்று தெரியாது என்றது. ஊர்வலம் இல்லை, தீர்மானம் இல்லை, கோஷம் இல்லை. நூறு வருடம் விடாமல் நடந்த சட்டமறுப்பு அது என்று நான் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உப்பு எடுப்பது போராட்டம் என்றால் குரக்கன் விதைப்பதும்தான்.

காய்ச்சலில் கிடந்தவர்கள்

இங்கே மலேரியாவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. வன்னியின் அரசியலை ஆங்கிலேயனைவிட அதிகம் தீர்மானித்தது நுளம்பு.

1934 கடைசியில் தொடங்கி 1935 வரை தீவில் பெரும் மலேரியாக் கொள்ளை. 80,000 பேரளவில் செத்தார்கள். அது மோசமாகத் தாக்கியது கேகாலை, குருநாகல் போன்ற, வழக்கமாக அந்தக் காய்ச்சல் குறைவாக இருந்த மாவட்டங்களை. தெற்கின் இடதுசாரி வாலிபர்கள் மருந்தும் பருப்பும் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அவர்கள்தான் அதற்குச் சற்று முன் நவம்பர் 11 இல் பொப்பி மலருக்குப் பதில் சூரியமலர் விற்றவர்கள். பொப்பிக் காசு பிரித்தானியப் போர்வீரர்களுக்குப் போகிறது, நம் காசு நம் ஊருக்கு இருக்கட்டும் என்பது அவர்கள் நியாயம். மலரில் தொடங்கி மருந்தில் வளர்ந்து, 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியாக நின்றது அந்த வாலிபர் கூட்டம். சரித்திரத்தில் அழகான அத்தியாயம்தான்.

வன்னியில் அந்தக் காய்ச்சல் ஆண்டுதோறும் இருந்தது. மாரி முடிந்து தண்ணீர் தேங்கினால் வீட்டுக்கு இரண்டு பேர் சுருண்டு படுப்பார்கள். சிறுபிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கி வயிறு முன்னே தள்ளியிருக்கும். கொயினா கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வேப்பம்பட்டைக் கஷாயம். ஊருக்கு ஊர் ஆட்கள் குறைந்து, குளக்கட்டு உடைந்தால் திருத்த ஆளில்லாமல், கடைசிக் குடும்பமும் வேறு ஊருக்குப் போய்விட, பெயர் மட்டும் வரைபடத்தில் மிஞ்சிய குடியிருப்புகள் பல. ஆனால் எப்போதும் இருக்கிற சாவு கொள்ளைநோய் ஆகாது. கொள்ளைநோய் ஆகாவிட்டால் தொண்டர் வரமாட்டார். தொண்டர் வராவிட்டால் இயக்கம் பிறக்காது. 1946, 47 இல் டிடிடி அடித்த பிறகுதான் வன்னியில் வாலிபர் என்ற வயது முழுதாக வாழக் கிடைத்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரி 4 இல் சுதந்திரம் வந்துவிட்டது. போராட ஆள் தேறியபோது போராட்டம் முடிந்துவிட்டது என்று பகிடியாகச் சொல்லலாம். பகிடி கொஞ்சம் கசக்கும்.

இடையில் இன்னொன்று நடந்தது. 1905 இல் புகையிரதம் வன்னியை ஊடறுத்து ஓடத் தொடங்கியது. இரணைமடுக் குளத்து வேலை 1902 இல் ஆரம்பித்து 1920 இல் முடிந்தது. 1936 இல் யாழ்ப்பாணத்து நெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் தணிக்கக் கிளிநொச்சியில் குடியேற்றம் வந்தது. காணித் துண்டு ஒன்றும் மண்வெட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தவர்களில் வாலிபர்கள் பலர். பகிஷ்கரிப்புக்கு ஐந்து வருடத்தின் பின், ஆனையிறவைத் தாண்டாத அந்த அரசியலுக்குப் பதில் ஆட்கள் தாண்டி வந்தார்கள். வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது காய்ச்சல், பிறகு யானை, பிறகு நெல். சிலர் திரும்பி ஓடினார்கள். நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாங்களும் வன்னியார்தான் என்கிறார்கள், நியாயம்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. 1960 களின் பிற்பகுதியில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் இளைஞருக்குக் காணி கொடுத்தபோது ஊர் அதற்கு வைத்த பெயர் ‘படித்த வாலிபர் திட்டம்’. அந்தப் பெயரை நான் எப்போதும் ஒரு கணம் நின்று பார்ப்பேன். வாலிபர் என்று மட்டும் சொன்னால் போதாது, முன்னுக்கு ‘படித்த’ போட வேண்டும். காந்தியைக் கூப்பிட்ட வாலிபரும் படித்தவர், மிளகாய் நட வந்த வாலிபரும் படித்தவர். உள்காட்டில் உத்தரவு இல்லாமல் சேனை வெட்டியவனுக்குச் சரித்திரத்திலும் இடமில்லை, திட்டத்திலும் இடமில்லை.

1982 இல் அரசாங்கம் பண்டாரவன்னியனைத் தேசிய வீரர் என்று அறிவித்தது. வவுனியாக் கச்சேரிக்கு முன்னால் சிலை நிற்கிறது, ஒவ்வோர் ஆண்டும் மாலை விழுகிறது. அதில் எனக்குக் குறை இல்லை, அந்த மனிதருக்கு அது தகும்.

திரும்ப அந்தப் பள்ளிக்கூட நாடகத்துக்கு வருகிறேன், ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1803 இல் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர் அல்லர். இலங்கையில் இருந்த அவர்களின் படையில் மலாயர் இருந்தார்கள், இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள், சாமான் சுமக்கப் பிடித்துக்கொண்டு வந்த கூலிகள் இருந்தார்கள். கூலிக்கு ஆள் கிடைக்காமல் ஊர்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போனது அந்தக் காலத்துப் படைகளின் பெரிய தலையிடி. பவுடர் பூச வேண்டிய முகங்கள் உண்மையில் சில மட்டும்தான்.

எங்கள் வகுப்பில் மொத்தம் பத்துப் பொடியள். மன்னன், தம்பி, மந்திரி, காக்கை வன்னியன், கப்டன் என்று பிரித்துக் கொடுத்த பிறகு மிஞ்சியது நாங்கள் நாலு பேரும் திரை இழுப்பவனும். கப்டனுக்குப் படை வேண்டுமே. ஆகவே கற்சிலைமடுக் காட்சியில் நாங்கள் முதலில் வன்னிப் படையாக நின்று, காவல் காத்து, சத்தம் கேட்டு எழும்பி, குத்துப்பட்டு விழுந்தோம். விளக்கை அணைத்தார்கள். இருட்டில் தவழ்ந்து பக்கத்துக்குப் போய்த் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் காக்கித் தொப்பி போட்டோம். மட்டை வாளைப் போட்டுவிட்டு மட்டைத் துவக்கை எடுத்தோம். விளக்கு வந்தபோது கப்டனுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். எங்களில் ஒருவனுக்குத் தொப்பி பெரிது, கண்ணை மறைத்தது. சபையில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் எங்களைக் கவனிக்கவும் இல்லை.